போனுக்கு ஒரு விசிறி

எங்கள் கொட்டகையில் மாவு மூட்டைகளை மூடி வைத்திருக்கும் பேனரைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நல்ல தடித்த பேனர். "கல்வியும் தொழிலும் கைகோர்த்தால் புத்தாக்கம் பிறக்கும்" என்று மூன்று மொழியில் அச்சடித்து, ஓரத்தில் என் படத்தையும் போட்டிருக்கிறார்கள். என் மூக்கு சரியாக ஒரு மூட்டையின் முனையில் வந்து உட்காருகிறது. மழைச் சாரல் உள்ளே போகாது, எலியும் கடிக்காது. கல்லூரியோடு நாங்கள் கைகோர்த்த கதையில் கண்கூடாகக் கிடைத்த முதல் பலன் அதுதான்.

நாங்கள் புக்கிட் ரோத்தானில் முறுக்கு போடுகிறோம். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, எங்களைத் தொழிலாளர் லயத்திலிருந்து மலிவு விலை வீட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று. அங்கேதான் தொழில். நான் மாவு பிசைவேன், வேன் ஓட்டுவேன், கடைக்காரர்களோடு சண்டை போடுவேன். முறுக்கு சுடுவது என் அண்ணி. செத்துப்போன என் அண்ணனின் மனைவி. எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணிக்கு இருமல். முதலில் காலையில் கொஞ்சம், பிறகு மாலையிலும். பிறகு ஒரு தட்டு முறுக்கு எடுத்து முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது. கொதிக்கிற எண்ணெய்ப் புகை முழுக்க அந்தக் கொட்டகைக்குள்ளேதான் சுற்றும். சுவரில் விசிறி மாட்டிப் பார்த்தோம். எண்ணெயைக் குடித்துக் குடித்து அது செத்தது. இன்னொன்று மாட்டினோம், அதுவும் செத்தது. கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவங்களப் புகையிலிருந்து எடுங்க, இல்ல புகைய இவங்ககிட்டேருந்து எடுங்க. இப்படியே போனா, வீட்டுக்குள்ள நடக்கவே மூச்சு வாங்கும்" என்று மலாயில் நிதானமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் அடுப்பை விடச் சொன்னேன்.

"அடுப்ப வுட்டுட்டு நான் என்னா பண்றது? டிவி பாத்துகிட்டு ஒன் சோத்தத் திங்கவா?"

"என் சோறு என்னா, ஒன் சோறு என்னா! ஒன் நெஞ்சு போவுது அண்ணி."

"போனா போவுது. ஒங்கண்ணன் போன எடத்துக்குத்தானே போவப் போறேன்" என்று மாவை அச்சில் திணிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன் போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த ஒரு மனுஷி. அவரும் இப்படிப் பேசினால் எனக்கு வயிறு எரியாதா?

அந்த நேரத்தில்தான் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஓர் இளம் விரிவுரையாளர். சின்னத் தொழில் செய்கிறவர்களின் பிரச்சினைகளை மாணவர்களை வைத்துத் தீர்க்கப் போகிறார்களாம். எங்களைத் தொழில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள விருப்பமாம். என் காதில் தேன் பாய்ந்தது. புகையை யார் எடுப்பார்கள் என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது படித்தவர்கள் தாங்களாகவே வருகிறார்களே! ஒவ்வொரு விரிவுரையாளரும் வருஷத்துக்கு ஒரு தொழில் பங்காளியைப் பிடித்துக் காட்டினால்தான் அவர் கான்ட்ராக்ட் நீளும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பேச்சுவாக்கில் அவர், தன் தாத்தா எங்கள் பழைய தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்று சொன்னார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆபீஸ் கணக்கெல்லாம் அந்தத் தாத்தா கையில்தான் இருந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"கிராணி ஐயா பேரனா! அடியே பாப்பா, சில்வர் டம்ளரு வேணாம், அலமாரியில கண்ணாடி கிளாஸ் இருக்கு, அத எடுத்து வையி."

"இன்னிக்கு வரல அண்ணி. வியாழக்கெழம வராரு."

"அப்ப புதன்கெழமயே அடுப்ப அணைச்சிடலாம். வூட்டுக்கு ஆளு வரப்போவுது, கொட்டக இப்படியா கெடக்கும்?"

சொன்னபடியே செய்தார். புதன்கிழமை பூராவும் முறுக்கு இல்லை. சுவரில் பிசுபிசுத்திருந்த கரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். குவாலியைச் சாம்பல் போட்டு விளக்கினோம். அந்தப் பெரிய சட்டியில் முகம் தெரிந்தது. எலுமிச்சம்பழம் நறுக்கி மூலைக்கு மூலை வைத்தோம். கோயில் கமிட்டியிடம் நாற்காலி இரவல் வாங்கினோம். வியாழக்கிழமை காலையில் வாசலில் கோலம். அண்ணி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்றார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். துரை லயத்தைப் பார்க்க வருகிறார் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சொல்லிவிட்டுப் போனால் போதும். சாக்கடை கழுவுவோம், சுண்ணாம்பு அடிப்போம், ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்த வாளியைக்கூட எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்போம். துரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு "குட், குட்" என்று போய்விடுவார். அன்று ராத்திரி மழையில் நனைந்துகொண்டே துரையைத் திட்டுவோம். வாளியை ஒளித்தவர்களை யாரும் திட்டியதாக எனக்கு நினைவில்லை.

கிராணி ஐயா பேரன் மாணவர்களோடு வந்து இறங்கினார். நல்ல பிள்ளை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாணவி ஒருத்தியின் கையில் காற்றை அளக்கிற சின்னக் கருவி இருந்தது. அதைக் கொட்டகையின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்க் காட்டினாள்.

"வாவ், ஆண்டி! உங்க ஏர் குவாலிட்டி எங்க லேப விட நல்லாருக்கு" என்றார் விரிவுரையாளர்.

நல்லா இருக்காமல்? ஒரு நாள் பூராவும் அடுப்பு எரியவில்லை, மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம்!

"சரி, உங்க தொழில்ல என்னென்ன பிரச்சினை இருக்குன்னு ஓப்பனா சொல்லுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "ஒரு பிரச்சினையும் இல்லிங்க தம்பி. ஒங்க புண்ணியத்துல எல்லாம் நல்லாருக்கு."

"என்னாத்த நல்லாருக்கு? தம்பி, அவங்க சும்மா சொல்றாங்க. பொகதான் பிரச்சினை. சுட ஆரம்பிச்சா உள்ள நிக்க முடியாது. அண்ணிக்கு நெஞ்சு..."

அண்ணி என் தொடையைக் கிள்ளினார். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. "வந்த புள்ளைங்ககிட்ட மொத நாளே மூக்கால அழுவாத பாப்பா" என்று பல்லுக்கிடையில் முணுமுணுத்தார். விரிவுரையாளர் மரியாதையாகச் சுற்றிலும் பார்த்தார். எங்கே இருக்கிறது புகை? கூரையைப் பார்த்தார், குவாலியைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "நோட் பண்ணிக்கறேன் ஆண்டி" என்றார். பிறகு எல்லோரும் கண்ணாடி கிளாஸில் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

சில வாரம் கழித்து, பிரச்சினையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்களுக்கே தெரியாத பிரச்சினை. முறுக்கு வெந்துவிட்டதா என்று அண்ணி கண்ணால் பார்த்து முடிவு செய்கிறாராம். அது மனிதரைச் சார்ந்திருக்கிறதாம். அதற்குப் பதிலாகக் குவாலிக்கு மேலே ஒரு கைப்பேசியைக் கட்டித் தொங்கவிட்டால், அது நிறத்தைப் பார்த்து, வெந்ததும் தானே குரல் கொடுக்குமாம்.

"அதுதான் நானே பாத்து எடுத்துடறேனே தம்பி" என்றார் அண்ணி.

"அதான் ஆண்டி. நீங்க இல்லன்னாலும் அது பாத்துக்கும்."

"நான் எங்க போறேன்?" என்று அண்ணி கேட்டார். அந்தப் பிள்ளை சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் டாக்டரம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

மாணவர்கள் வந்தார்கள். முறுக்கைப் பச்சையாக, பாதி வெந்ததாக, சிவந்ததாக, கருகியதாக விதவிதமாகப் படம் பிடித்தார்கள். படம் பிடித்த முறுக்கை ஆராய்ச்சி முடிந்ததும் தின்றார்கள். கருகியதைக்கூட விடவில்லை, பாவம், விடுதிச் சாப்பாடு அப்படி. கடைசியில் ஓர் இரும்புக் கம்பியில் போனைக் கட்டினார்கள். முறுக்கு சிவந்ததும் அது ஒரு பெண் குரலில் "சியாப்!" என்றது. ஆயிற்று என்று மலாயில் சொல்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி அதற்கு முன்பே முறுக்கை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டிருந்தார்.

அது ஒரு குவாலி, ஒரு ஈடு. நிஜ வேலை நாளில் எல்லா அடுப்பும் எரிய ஆரம்பித்ததும் போனின் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிந்தது. "படம் தெளிவாக இல்லை" என்றது போன். துடைத்தோம். மறுபடியும் "படம் தெளிவாக இல்லை." அண்ணி ஒரு பக்கம் இருமுகிறார், போன் ஒரு பக்கம் புலம்புகிறது. நான் உடனே விரிவுரையாளருக்குப் போன் போட்டேன். மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வந்தார். அன்றைக்கு வந்தது போனைப் பார்க்க. வருவது தெரியாததால் அடுப்பை அணைக்க எங்களுக்கு நேரம் இல்லை.

உள்ளே நுழைந்ததும் அவருக்குக் கண் எரிந்தது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "ஆண்டி, இந்தப் பொக சீரியஸான இஷ்யூ. டிவைஸ் கெட்டுப் போயிடும். உடனே சால்வ் பண்ணணும்" என்றார்.

அப்பாடா! மாரியாத்தா கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். போன் சாகிறதோ மனுஷி சாகிறாளோ, புகை போனால் சரி.

அடுத்த வாரமே தீர்வு வந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி விசிறி, அதோடு ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய் சன்னல் வழியாக வெளியே போய் நல்ல காற்றை இழுத்து வந்து, போனின் முகத்தில் மட்டும் ஊதும். அருமையாக வேலை செய்தது. போன் பிழைத்துக்கொண்டது. "சியாப்! சியாப்!" என்று தெம்பாகக் கத்தியது. அண்ணி முறுக்கைத் திருப்பும் சாக்கில் மெதுவாகக் குனிந்து, அந்த விசிறிக் காற்றில் தன் முகத்தையும் கொஞ்சம் காட்டிக்கொண்டார். போனுக்கு வந்த காற்றை ஓசியில் வாங்குகிற மாதிரி.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஏன் தம்பி, போனுக்கு மூச்சுத் திணறக்கூடாதுன்னு காத்தாடி வெச்சீங்களே, பக்கத்துல ஒரு மனுஷி நிக்கிறது ஒங்க கண்ணுக்குத் தெரியலயா? அவங்களுக்கு மூக்கு இல்லியா?"

மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். விரிவுரையாளர் முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "வெரி குட் பாயிண்ட் ஆண்டி. வெண்டிலேஷன ஃபேஸ் டூல போட்டிருக்கோம்."

"ஃபேஸ் டூ எப்ப?"

"ஃபேஸ் ஒன் முடிஞ்சதும்."

"ஃபேஸ் ஒன் எப்ப முடியும்?"

"ஃபேஸ் டூவுக்கு அப்ரூவல் வந்ததும் முடிஞ்ச மாதிரிதான் ஆண்டி."

நான் மாவு பிசையப் போய்விட்டேன். அன்றைய மாவு கல்லாக இருந்தது என்று அண்ணி சொன்னார்.

அந்தப் பிள்ளையை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவார், சோறு போட்டால் கூச்சப்படாமல் சாப்பிடுவார், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார். அவருக்கு மேலே இருப்பவர்களுக்குப் புது விஷயம் வேண்டும். புகையை எடுப்பது புது விஷயம் இல்லை. அது எல்லா ஊரிலும் எல்லா சமையலறையிலும் இருக்கிற விஷயம். அதற்குப் பரிசுக் கோப்பை தர மாட்டார்கள்.

கோப்பை கிடைத்தது. கல்லூரியின் புத்தாக்கக் கண்காட்சி. பெரிய மண்டபம், உதடு நடுங்குகிற ஏர்கோன். எங்கள் அடுப்பையும் குவாலியையும் அண்ணியையும் கொண்டுபோய் மேடை பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கு முன்னால் சுடச் சொன்னார்கள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஒரு முறை முறைத்தார். உள்ளே எண்ணெய்ச் சட்டி வைத்தால் தீ அபாய மணி அடிக்கும், அதுவும் இல்லாமல் வருகிற பெரியவர்கள் சட்டையில் முறுக்கு வாசம் அடிக்கும், புகையை இழுக்கிற ஹூட் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கவே விடமாட்டேன் என்றார். அவ்வளவுதான். காலையிலேயே ரவாங்கிலிருந்து ஒரு லோரி வந்தது. அகலமான தகரக் கூண்டு, மேலே மோட்டார், அதிலிருந்து சன்னலுக்கு ஒரு தடித்த குழாய். அடுப்புக்கு மேலே நிறுத்தி சுவிட்சைத் தட்டினார்கள்.

அண்ணி முதல் ஈடு போட்டார். புகை எழுந்தது. எழுந்த புகை அப்படியே நேராக மேலே போய்க் கூண்டுக்குள் நுழைந்துவிட்டது. அண்ணி அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது ஈடு, மூன்றாவது ஈடு. அமைச்சர் பேசினார், கல்லூரி இயக்குநர் பேசினார், மாணவர்கள் போனின் சாமர்த்தியத்தை விளக்கினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் எதையும் கேட்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷி சுவரைப் பிடிக்கவில்லை, சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

மத்தியானம் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"பாப்பா... எனக்கு இருமலே வரல."

"பாத்துகிட்டுத்தான் இருக்கேன்."

"காலையிலேர்ந்து ஒரு தடவகூட வரல. இந்தத் தகரந்தான். நேரா இழுத்துக்குது பாரேன்!" என்று புதுப் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி மேலே கையைக் காட்டினார்.

சாயங்காலம் லோரி திரும்பி வந்தது. ஆட்கள் கூண்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். அண்ணி, கையில் கோப்பையோடு நின்றிருந்த விரிவுரையாளரிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் வாயால் ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"தம்பி, இத நாங்க வூட்டுக்கு எடுத்துக்கலாமா?"

"இது வாடகைக்கு எடுத்தது ஆண்டி. இன்னிக்கு மட்டுந்தான்."

"இது ஒங்க புராஜெக்ட்ல இல்லீங்களா?"

"ஐயோ, இது இன்னோவேஷன் இல்ல ஆண்டி. இது வெறும் தகரமும் மோட்டாரும்." பாராட்டாகச் சொல்லுகிற குரலில் சொன்னார். அண்ணி தலையாட்டினார். வேனில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், தொழில் பங்காளி என்று எங்களுக்கும் கொடுத்த கோப்பை பின் சீட்டில் உருண்டு உருண்டு சத்தம் போட்டது.

அடுத்தது இயக்குநரே வருகிறார் என்றார்கள். வெற்றி பெற்ற தொழில் பங்காளியை நேரில் பார்க்க, வெளியூர் விருந்தினர்களோடு பஸ்ஸில் வருகிறாராம். "நேரா அவர்கிட்டயே பொகையப் பத்திச் சொல்லுங்க ஆண்டி, அவர் சொன்னா ஃபேஸ் டூ ஓடிடும்" என்று விரிவுரையாளரே எனக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார். இந்த முறை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். கழுவல் கிடையாது, கோலம் கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது. பஸ் வருகிற நேரத்துக்கு எல்லா அடுப்பையும் பற்றவைத்து, எண்ணெயைக் காயவிட்டு, சன்னலைச் சாத்தினேன். வரட்டும், வந்து ஒரு வாய் இழுத்துப் பார்க்கட்டும்!

பஸ் வந்து நின்றது. நான் கேட்டைத் திறந்து, விருந்தினர்களை வரவேற்று, உள்ளே அழைத்து வந்தேன். சன்னல்கள் திறந்திருந்தன. அடுப்புகள் அணைந்திருந்தன. அண்ணி நனைந்த துணியைச் சுழற்றிக் கடைசிப் புகையையும் வெளியே விரட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க, உக்காருங்க."

என்னைக் கண்ணால் எரித்தார். வீட்டுக்கு வந்தவர்களை இருமவிடுவேனா என்று அந்தப் பார்வை கேட்டது. இயக்குநர் சுற்றிலும் பார்த்து, இவ்வளவு சுத்தமான சிறுதொழில் கொட்டகையைத் தான் பார்த்ததே இல்லை என்று பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணிக்கு இருமல் வந்தது. அடக்கினார், முடியவில்லை. குனிந்துகொண்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பாமல் இருமினார். பேச்சு நின்றது. நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன்.

அவ்வளவு பெரிய படிப்பாளிகள் கூடியிருந்தார்கள். ஒருவர் தேன் சாப்பிடச் சொன்னார். ஒருவர் சீன மருந்துக்கடை சிரப்பின் படத்தைப் போனில் காட்டினார். இன்னொருவர் வெற்றிலைச் சாறு என்றார். ஐஸ் தண்ணீர் குடிக்கவே கூடாது என்றார் இயக்குநர்.

"ஐயா, ஐஸ் தண்ணியால வந்தது இல்ல இது. பொகையால வந்தது. இவங்களுக்குத் தகரக் கூண்டு ஒன்னு வேணும்" என்று நான் கத்தியே விட்டேன். இயக்குநர் மேலே பார்த்தார். கூரைவரை ஒரு துளிப் புகை இல்லை. விரிவுரையாளரின் தோளைத் தட்டி, "இத ஃபேஸ் டூல பாருங்க" என்றார். விருந்தினர்கள் முறுக்குப் பொட்டலத்தோடு பஸ் ஏறினார்கள்.

அன்று நானும் அண்ணியும் போட்ட சண்டை எதிர்வீடுவரை கேட்டிருக்கும். "ஒனக்கு வெக்கம் பெருசா, உசுரு பெருசா? எவன் வந்தாலும் எல்லாம் நல்லாருக்குங்கிற. நீ இப்படிச் சிரிச்சுகிட்டே செத்துப் போ, நான் தனியா கெடக்கறேன்!" என்று நாக்கில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அண்ணி முக்காலியில் உட்கார்ந்து அழுதார். நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு இரண்டு பேருமாக, விருந்தினர்களுக்காக அண்ணி வாங்கி வைத்திருந்த இரவல் நாற்காலிகளைக் கோயிலில் திருப்பிக் கொடுத்தோம்.

விடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு ரவாங்குக்குப் போனேன். கூண்டை வாடகைக்கு விட்ட தகரப் பட்டறையின் முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கூண்டு அவர் கடை ஓரத்தில் கிடந்தது, கண்காட்சி ஸ்டிக்கர்கூட உரிக்காமல். கல்லூரிக்காரர்கள் வருஷா வருஷம் ஒரு நாளைக்கு எடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் பூனைதான் அதற்குள் தூங்கும் என்றார். தவுக்கே ஒன்றும் தர்ம பிரபு இல்லை. முதலில் யானை விலை சொன்னார். நான் என் வாயைக் காட்டினேன். அவரும் சளைக்கவில்லை. கடைசியில் சீனப் பெருநாளுக்கு முறுக்கு என்ற ஒப்பந்தத்தோடு படிந்தது.

மாட்டியதிலும் குளறுபடி. குழாயின் வாயை நேராகப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டம்மா முறுக்கு வாசம் அடிக்கிற பள்ளிச் சீருடையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். குழாயை உயர்த்த இன்னொரு தடவை தவுக்கேயை இழுத்து வர வேண்டியதாயிற்று. ஆனால் புகை போயிற்று. இப்போது அண்ணி ராத்திரியில் தூங்குகிறார். கெட்டுப்போன நெஞ்சு பழையபடி ஆகாது, ஆனால் இதற்கு மேல் கெடாது என்று டாக்டரம்மா சொன்னார். போனை மாணவர்கள் வேறு ஆராய்ச்சிக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குட்டி விசிறியை மறந்துவிட்டார்கள். சாமி மேடையில் ஊதுபத்திப் புகையை விரட்ட வைத்திருக்கிறேன்.

போன மாதம் விரிவுரையாளரிடமிருந்து போன். கான்ட்ராக்ட் நீண்டிருக்கிறது, சந்தோஷம். இந்த வருஷத் தொழில் பங்காளி சுங்கை புரோங்கில் வாழைக்காய் சிப்ஸ் போடும் ஓர் அம்மா. சிப்ஸ் வெந்ததைப் பார்த்துச் சொல்ல அதே போன். மறுபடியும் கண்காட்சி.

"ஆண்டி, ரவாங் தவுக்கே அந்த ஹூட உங்களுக்கு வித்துட்டேங்கிறாரு. ஒரே ஒரு நாளைக்கு மட்டும் கழட்டிக் குடுத்தீங்கன்னா..."

"ஃபேஸ் டூல பாத்துக்கலாம் தம்பி" என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. எத்தனை நாள் காத்திருந்தேன் அதைச் சொல்ல! அதற்குள் அண்ணி, நான் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த போனை மாவுக் கையோடு பிடுங்கிக்கொண்டார். போச்சு, கிராணி ஐயா பேரன் கேட்டுவிட்டார், அண்ணி கூரையோடு சேர்த்துக் கழற்றிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, நல்லாருக்கீங்களா? ... இல்லிங்க தம்பி, குடுக்க முடியாது. பிரச்சினை இருக்கு. அது இல்லன்னா எனக்கு மூச்சு வாங்கும்."

நான் மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டேன். "பரவால்ல ஆண்டி, ஹாலுக்கு வேற எங்கயாச்சும் பாத்துக்கறோம்" என்று ஸ்பீக்கரில் கேட்டது.

"ஹாலு கெடக்கட்டும். அந்தம்மா கொட்டகையில பொக எப்படி?"

"பொகையே இல்ல ஆண்டி. போன வாரந்தான் போயிப் பாத்தோம். அவ்ளோ சுத்தம்! வாசல்ல கோலமெல்லாம் போட்டு, எங்களுக்கு ஜூஸ் குடுத்து... ஒரு பிரச்சினையும் இல்லன்னு அவங்களே சொன்னாங்க."

அண்ணி கூண்டை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க வரீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டுத்தானே போனீங்க?"

"ஆமா ஆண்டி. மொத நாளே போன் பண்ணிட்டோம்."

"நாளைக்குச் சொல்லாம போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அண்ணி போனை என் கையில் கொடுத்து, அடுத்த ஈட்டைக் குவாலியில் பிழிந்தார்.